தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை: 47 வயதில் எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை | ஆகஸ்ட் 24, இரவு 11.10

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஊர் மதுரை, வயது 47. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுவேன். எடை 84 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். சர்க்கரையின் மூன்று மாத சராசரி 6.2 என்று வந்திருக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர்.

ஆனால் என்னை எழுத வைத்தது அது இல்லை. இன்று தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். தரையில் பாய் விரித்துப் பந்தி. சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தேன். இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையை ஊன்றினேன், ரசம் சிந்தியிருந்த இடத்தில் வழுக்கியது. எதிர் வரிசையில் இருந்த தங்கை மகன், 14 வயதுப் பையன், ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "மாமா, அடுத்த தடவை உங்களுக்கு டேபிள் போட்டுடலாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும் இப்போது தூக்கம் வரவில்லை.

என் அப்பா 71 வயதில் போனார். கடைசி ஆறேழு வருடம் கட்டிலை விட்டு எழுவதற்கே அம்மா வேண்டும். நடுராத்திரியில் "ஏம்மா" என்று அவர் கூப்பிடுவது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். அவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை, காலில் பலம் இல்லை, அவ்வளவுதான். நான் அதே பாதையில்தான் போகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

முன்பு ஒரு ஜிம்மில் வருடச் சந்தா கட்டினேன். 11 நாள் போனேன். அதனால் ஜிம் என்றாலே தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?

நெல்லைக்காற்று | ஆகஸ்ட் 25, காலை 6.05

தம்பி, முதலில் நடங்கள். எனக்கு 61 வயது. ஆறு வருடமாகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றுகிறேன், தினம் பத்தாயிரம் அடி. வேலையில் இருந்தபோது யாரிடம் பேசினாலும் எரிந்து விழுவேன். அது குறைந்ததாக என் வீட்டம்மா சொல்கிறார். படுத்தவுடன் தூக்கம். மலச்சிக்கல் போயே போய்விட்டது. செலவு ஒரு ஜோடி ஷூதான்.

உங்கள் ஊரில் வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறதே. அதைவிட நல்ல இடம் எது?

பாரத்_கோவை | ஆகஸ்ட் 25, காலை 9.40

அண்ணா, நடை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிரச்சினை தரையிலிருந்து எழுவது. அதற்குத் தொடையில் பலம் வேண்டும். நான் நாலு வருடமாக எடை தூக்குகிறேன். ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) செய்யாமல் அது வராது.

சாப்பாட்டையும் பாருங்கள். நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் எடைக்குச் சுமார் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாலு இட்லி, மதியம் சோறும் குழம்பும், ராத்திரி தோசை என்று ஓட்டினால் பாதிகூடத் தேறாது. பவுடர் டப்பா வாங்க வேண்டாம் அண்ணா. சுண்டல், முட்டை, மீன், தயிர், கெட்டிப் பருப்பு. இதிலேயே வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

இயன்முறை_திருச்சி | ஆகஸ்ட் 25, இரவு 10.15

தொழிலால் இயன்முறை மருத்துவர். தினமும் உங்களைப் போன்றவர்களைத்தான் பார்க்கிறேன், பெரும்பாலும் பத்து வருடம் கழித்து. நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

நெல்லைக்காற்று ஐயா சொல்வதும் பாரத் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முப்பதைத் தாண்டியதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அறுபதுக்கு மேல் அது வேகமெடுக்கிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தாழ்வான இடத்திலிருந்து உடம்பை மேலே தூக்கும் பலம் நடையால் மட்டும் திரும்பாது. சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மடங்குவதே கொஞ்சம்தான். மடங்காத தூரத்துக்குத் தசை எப்படித் தயாராகும்?

ஐயா கோபிக்கக் கூடாது. அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணும் ஆராய்ச்சியில் பிறந்தது இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி விற்றது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். நடக்கிறவர் நடக்கட்டும். எட்டாத நாளில் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவே.

வைகைக்கரை, உங்களுக்கு ஜிம் இப்போது தேவையில்லை. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. எழும்போது சீக்கிரம், உட்காரும்போது நிதானம். பொத்தென்று விழக் கூடாது, பயிற்சியே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு நாள் செய்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் அது சுலபமானதும் நாற்காலியை எடுத்துவிட்டு முக்காலி. அப்புறம் மணைப்பலகையை இரண்டு மூன்றாக அடுக்கி அதன்மேல். ஒவ்வொரு பலகையாக எடுத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் தரை. இதோடு சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குவது, இரண்டு கையிலும் தண்ணீர் கேன் பிடித்து வீட்டுக்குள் நடப்பது. மொத்தம் இருபது நிமிடம்.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்காதீர்கள். மயக்கம் வரும்.

நெல்லைக்காற்று | ஆகஸ்ட் 26, காலை 6.20

கோபம் இல்லை டாக்டர். இன்று காலை நாற்காலியில் செய்து பார்த்தேன். ஆறாவது தடவையே தொடை நடுங்குகிறது. ஆறு வருடம் நடந்த கால்! இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே.

செல்வி_ஓசூர் | ஆகஸ்ட் 26, மதியம் 2.50

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை நிற்கிறேன். மாவு அரைத்து, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வேலைக்கும் போய் வருகிறேன். இதற்கு மேல் உடற்பயிற்சியா? வீட்டு வேலை செய்பவளுக்கு அது எதற்கு என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. முதுகு மட்டும் வலிக்கிறது.

கயல்_சேலம் | ஆகஸ்ட் 26, இரவு 9.30

செல்வி, இதே கேள்வியை இரண்டு வருடம் முன்பு நான் கேட்டேன். வீட்டு வேலை உழைப்புதான், யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது தினம் ஒரே அளவில் உடம்பைத் தேய்க்கிறது. குனிந்தால் ஒரே பக்கம் குனிகிறோம், இடுப்பில் வைத்தால் ஒரே இடுப்பு. பயிற்சியில் மட்டும்தான் கொஞ்சம் கூட்டுகிறோம், அப்புறம் ஓய்வு கொடுக்கிறோம். அந்த ஓய்வில்தான் பலம் ஏறுகிறது. வீட்டு வேலையில் ஓய்வு எங்கே இருக்கிறது?

வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குக் கஷ்டமாக இருந்தது பயிற்சி இல்லை. அந்த நாற்பது நிமிடத்தைக் கேட்டு வாங்குவதுதான். "காலையில யாரு காபி போடுறது?" என்று மாமியார் கேட்டார். முதல் ஒரு மாதம் அந்தக் கேள்வி முதுகில் ஏறிக்கொண்டே வரும். பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர், புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. பேசிக்கொண்டே நடந்தால் கணக்கில் வராது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம்.

வீட்டுக்காரர் காபி போடக் கற்றுக்கொண்டார். டிகாஷன் முதலில் தண்ணியாக இருந்தது, இப்போது என்னைவிட நன்றாகப் போடுகிறார்.

என் வாழ்க்கையில் மாறியது என்னவென்றால் கேஸ் சிலிண்டர். நிறைந்த சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை மாற்ற வேண்டுமென்றால் யாராவது வரும்வரை அடுப்பு அணைந்து கிடக்கும். போன தீபாவளிக்கு முந்தின நாள், அதிரசம் பாகு பாதியில் இருக்கும்போது கேஸ் தீர்ந்தது. வீட்டில் யாரும் இல்லை. குந்தி உட்கார்ந்து, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை நேராக வைத்து, காலால் எழுந்தேன். மைதானத்தில் மணல் மூட்டையைத் தூக்கிப் பழகிய அதே மாதிரி. பாகு கெடவில்லை. சமையலறையில் தனியாக நின்று கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

செல்வி_ஓசூர் | ஆகஸ்ட் 26, இரவு 10.05

அக்கா, இதைப் படித்துவிட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு வீட்டில் பேசுகிறேன்.

ஈஸ்ட்ஹாம்_ராஜன் | ஆகஸ்ட் 27, அதிகாலை 3.45

யாழ்ப்பாணத்தில பிறந்து கனகாலமாய் லண்டனில இருக்கிறன். வைகைக்கரை நாற்காலி எண்டதும் ஒரு கதை ஞாபகம் வந்தது. 1953-ல ஜெரி மொரிஸ் எண்ட வைத்தியரும் அவருடன் வேலை செய்த ஆக்களும் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டவை. ஓட்டுநரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் இருந்தபடியே ஓட்டுறவருக்குத்தான் மாரடைப்பு கூட. கண்டக்டர் ஒரு நாளைக்கு அறுநூறு படி அளவில ஏறி இறங்குவார். அதுதான் வித்தியாசம். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டெண்டு ஒழுங்காய்க் காட்டின ஆரம்ப ஆய்வுகளில அது முக்கியமானது. மொரிஸ் தானும் விடாமல் பயிற்சி செய்து 99 வயது வரைக்கும் இருந்தவர்.

என்ர கதை வேற. மனைவி போன பிறகு ஒரு வருஷம் வீட்டுக் கதவைத் திறக்கேல்லை. வைத்தியர் மருந்தும் தந்தார், ஆற்றுப்படுத்தலுக்கும் (கவுன்சிலிங்) அனுப்பினார், இரண்டும் உதவின. மூன்றாவதாய் உதவினது சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குப் பூங்காவில நடக்கிற பார்க்ரன். ஐந்து கிலோமீட்டர், காசில்லை, ஓடலாம் நடக்கலாம். 2004-ல இங்க புஷி பூங்காவில 13 பேரோட தொடங்கினது அது. கடைசி ஆளுக்குப் பின்னால ஒரு தொண்டர் நடந்து வருவார், அதனால ஒருத்தரும் கடைசி ஆகேலாது. முதல் நாள் அந்தத் தொண்டரோடதான் நடந்தன். ஒரு மணித்தியாலம். அவர் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. முடிவில "அடுத்த கிழமை பார்ப்பம்" எண்டார். யாரோ என்னை எதிர்பார்க்கினம் எண்ட நினைப்பு வந்து கனநாளாயிருந்தது.

வைகைக்கரை | செப்டம்பர் 9, இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. ராஜன் அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நல்ல செய்தி இல்லை. பத்து நாள் ஒழுங்காகப் போனது. நாற்காலி, சுவர்த் தண்டால், காலையில் தெப்பக்குளம். குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290, ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். இரண்டு சுற்று நடந்தேன். பதினோராவது நாள் கல்லூரிப் பையன்கள் ஓடுவதைப் பார்த்து நானும் ஓடினேன். வடக்குக் கரை திரும்பும்போது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஜிம்மிலும் இதே பதினோராவது நாள்தான் நின்றேன். இது எனக்கு எழுதவில்லை போலிருக்கிறது.

இயன்முறை_திருச்சி | செப்டம்பர் 9, இரவு 11.20

தசை இழுத்திருக்கிறது. வீக்கம் பெரிதாக இருந்தாலோ, கால்விரல் நுனியில் நிற்கவே முடியாவிட்டாலோ நேரில் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் வலி தாங்கும் அளவுக்கு மெதுவாக நடை. கை, தோள் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

மூச்சும் இதயமும் இரண்டு வாரத்தில் முன்னேறிவிடும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் எல்லோரும் இந்த இடத்தில் அடிபடுகிறார்கள். ஓட ஆசையென்றால் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போகும் ஒன்பது வாரத் திட்டம் 1996-லிருந்தே இருக்கிறது. ஆனால் இப்போது வேண்டாம். ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பதினோரு நாள் செய்திருக்கிறீர்கள். பன்னிரண்டாவது நாளை எப்போது வைத்துக்கொள்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

கரலாக்கட்டை | செப்டம்பர் 10, காலை 7.30

புதுச்சேரியில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். காலுக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் கரலாக்கட்டை, அதாவது கையால் சுழற்றும் கனமான மரக்கட்டை, பழகலாம். தோளும் பிடியும் இளகும். ஆனால் ஆசான் ஒருவர் பக்கத்தில் நின்று சுழற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும், வீடியோ பார்த்துச் சுழற்றினால் மண்டையில் விழும்.

நம் ஆட்களுக்குப் பலம் என்பது புதிதா? தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல், இளைஞர்கள் தூக்கிப் பலம் காட்டும் உருண்டைக் கல், இன்னும் கிடக்கிறது. பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் அதைத் தூக்குகிறார்கள். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம்கூட, ஆழமாகப் போட்டால், டாக்டர் சொன்ன அந்த உட்கார்ந்து எழும் பயிற்சிதான்.

பாரத்_கோவை | செப்டம்பர் 10, காலை 10.15

அண்ணா, சர்க்கரையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் சென்னையிலேயே, எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளிவந்தது. ஆலோசனை எதுவும் கிடைக்காதவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவு மாற்றமும் நடையும் மட்டும் கொடுத்த குழுவில் 39 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இங்கிலீஷ்காரன் உடம்பு இல்லை, நம் ஊர் உடம்பில் பார்த்தது. விடாதீர்கள்.

வைகைக்கரை | செப்டம்பர் 14, காலை 7.15

பன்னிரண்டாவது நாள் இன்று. ஒரு சுற்று, மெதுவாக.

வைகைக்கரை | நவம்பர் 2, இரவு 9.45

சுருக்கமாக எழுதிவிடுகிறேன். மூன்றாவது மணைப்பலகை வரை இறங்கிவிட்டேன். எடை இரண்டு கிலோதான் குறைந்தது. அதைப் பற்றி இப்போது அதிகம் யோசிப்பதில்லை. கடையில் மாலை ஐந்து மணிக்கு வரும் அந்தத் தலைபாரம் போய்விட்டது, பேரேட்டில் கூட்டல் தப்புவதும் குறைந்திருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் நாற்காலியில் செய்வதை அம்மா தினம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நேற்று, "எனக்கும் அத சொல்லிக்குடேன்டா" என்றார். அவருக்கு 76. அப்பாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. மாடிப்படி ஏறி இரண்டு வருடம் ஆகிறது. இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

இயன்முறை_திருச்சி | நவம்பர் 3, இரவு 10.30

ஆரம்பிக்காமல் இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதானவர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் கேட்டால் பதில் சொல்கிறது.

முதலில் அவருடைய டாக்டரிடம் எலும்பு அடர்த்தி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சோதனை: கையை மார்பில் கட்டி, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார்? 75 முதல் 79 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே என்றால் விழும் ஆபத்து அதிகம். கை ஊன்றி எழுந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கித் தொடங்குங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், ஆனால் தூக்கிவிடாதீர்கள்.

வைகைக்கரை | நவம்பர் 4, இரவு 9.10

பூஜ்யம். கை ஊன்றாமல் எழவே முடியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே "நாளைக்குப் பாப்போம்" என்றார். டாக்டரிடம் அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன்.

செல்வி_ஓசூர் | ஜனவரி 19, இரவு 8.40

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. ஐந்து மாதமாக வாரம் மூன்று நாள் விடாமல் செய்கிறேன். முதுகுவலி முழுக்கப் போகவில்லை, ஆனால் தினம் இருந்தது இப்போது மாதம் ஒன்றிரண்டு நாள்தான். காபி இன்னும் நான்தான் போடுகிறேன் அக்கா. பேசிக்கொண்டிருக்கிறேன்.

கயல்_சேலம் | ஜனவரி 19, இரவு 9.00

பேசுங்கள். எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆனது.

நெல்லைக்காற்று | ஜனவரி 20, காலை 6.10

நானும் சொல்லிவிடுகிறேன். 24 முறை நாற்காலி, இடையில் நிற்காமல். நடையும் உண்டு, இப்போது அடி எண்ணுவதில்லை.

வைகைக்கரை | ஏப்ரல் 20, இரவு 10.20

ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பங்குனியில் கடையில் வருடக் கணக்கு முடிக்கும் வேலை.

என் கணக்கு: சர்க்கரை சராசரி 5.8. எடை 79. மாசி மாதம் ஒரு காதுகுத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், எழுந்தேன், கை கழுவப் போனேன். பாதி வழியில்தான் நான் எழுந்துவிட்டேன் என்பதே உறைத்தது.

ஆனால் இன்று எழுத வந்தது அம்மாவைப் பற்றி. டிசம்பர் கடைசியில் கை ஊன்றாமல் முதல் தடவை எழுந்தார். பிப்ரவரியில் நாலு. இப்போது 30 நொடியில் எட்டு. காலையில் நான் ஷூ மாட்டும் சத்தம் கேட்டால் அவரே நாற்காலியை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொள்கிறார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி வரை தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அம்மா அறையில் இல்லை, கொல்லையில் இல்லை. மாடிக்கதவு திறந்திருந்தது. பதினெட்டுப் படி. மேலே போனால், வெள்ளை வேட்டி விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து, குந்தி உட்கார்ந்து கூழ் வடகம் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முக்கால் வேட்டி முடிந்திருந்தது. கூழ்ச்சட்டியை இரண்டு நடையாகத் தானே சுமந்து ஏறியிருக்கிறார்.

"ஏம்மா, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீ அசந்து தூங்கின. நான் எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். பிறகு, காக்கா வராமல் பார்த்துக்கொள்ளக் குடை ஒன்று எடுத்து வரச் சொன்னார்.

இயன்முறை_திருச்சி | ஏப்ரல் 20, இரவு 10.55

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சட்டியைத் தூக்கும்போது வயிற்றோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும். அடுத்த வாரம் முதல் நாற்காலியின் தலையணையை எடுத்துவிடலாம்.

வைகைக்கரை | ஏப்ரல் 20, இரவு 11.05

தலையணையை அவரே போன மாதம் எடுத்துவிட்டார்.